இடது கைக்கு ஒரு தோல் வார்

“சேச்சி, கை நீட்டிக்கே” என்றாள் பர்வீன், அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே.

நீட்டினேன். தப்பான கையை நீட்டினேன்.

வாட்ச்சை நான் கட்டுவது இடது கையில். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் அவள் கேட்ட அந்த நிமிஷம் என் இடது கை முந்தானைக்குள் பதுங்கிக்கொண்டது. வலது கை நல்ல பிள்ளையாக மேஜைமேல் போய் உட்கார்ந்தது. அவள் மணிக்கட்டில் நாடாவைச் சுற்றினாள், பென்சிலால் குறித்துக்கொண்டாள். “அது இல்லம்மா, இந்தக் கை” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இத்தனைக்கும் நான் மட்டாஞ்சேரியின் அந்தச் சந்துக்குள் மாடிப்படி ஏறிப் போனதே இடது கைக்காகத்தான். ஒன்றரை வருஷமாக என் வாட்ச் பீரோவில் கிடக்கிறது. தினமும் காலையில் எடுத்துச் சாவி கொடுப்பேன், காதில் வைத்துக் கேட்பேன், மறுபடி உள்ளே வைத்துவிடுவேன். அதை மறுபடி அதே கையில் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கவேண்டும். ஆசை அவ்வளவுதான். பேராசை ஒன்றுமில்லை.

ஆண்பிள்ளை வாட்ச்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் திண்டுக்கல்காரி, நர்ஸ். கேரளாவிலிருந்து நர்ஸுகள் உலகம் முழுக்கப் போகிறார்கள், நான் ஒருத்தி தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு நர்ஸாக வந்தேன். எர்ணாகுளத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வார்டில் எல்லோரும் என்னை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், மிருகக்காட்சி சாலைக்கு வந்த புது விலங்கைப் பார்ப்பதுபோல.

அந்தக் காலத்தில் பெண்களுக்கான வாட்ச் என்றால் புளியங்கொட்டை அளவு இருக்கும். நிறைய வாட்ச்சில் விநாடி முள்ளே கிடையாது. விநாடி முள் இல்லாமல் நாடி பிடிப்பது எப்படி? நான் குத்துமதிப்பாக எண்ணி எழுதியதை ஹெட் நர்ஸ் கண்டுபிடித்துவிட்டார். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு திட்டு. அன்று சாயங்காலமே பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச் ஒன்று வாங்கினேன். வெள்ளை முகம், கறுப்பு எண்கள், சிவப்பு விநாடி முள். கடைக்காரர் “ஹஸ்பெண்டினா?” என்று கேட்டார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. “எனக்குத்தான், என்ன இப்போ?” என்றேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் முதலில் கவனித்தது என் கழுத்தை அல்ல, கையைத்தான். என் வீட்டுக்காரர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். மூன்று தலைமுறையாகச் சுக்கு மொத்த வியாபாரம். தமிழ் பேசுவார், ஆனால் அதில் பாதி மலையாளம். உலகத்தில் எது நடந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “சாரமில்லை.” பரவாயில்லை என்று அர்த்தம். பெண் பார்க்க வந்த அன்று என் வாட்ச்சைப் பார்த்து அவர் அம்மா முகம் சுளித்தபோதும் அதையேதான் சொன்னாராம்.

ஒரு திருத்தம்

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் என் கை ஒடிந்த கதையை எழுதியிருந்தேன். போர்ட் கொச்சி படகுத்துறையில் எல்லோருக்கும் முன்னால் இறங்கவேண்டும் என்று அவசரப்பட்டு வழுக்கி விழுந்தேன் என்று எழுதியது நிஜம். “டாக்டர் சரியாகக் கட்டுப் போடாததால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது” என்று எழுதியது பொய். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அச்சில் ஏறிய பச்சைப் பொய்.

டாக்டர் நன்றாகத்தான் மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம் என்றார். மூன்றாம் வாரம் முடிந்தபோது நல்ல சித்திரை வெயில். கட்டுக்குள் அரிப்பு என்றால் அரிப்பு, எறும்புப் புற்றுக்குள் கைவிட்ட மாதிரி. விசிறிக் காம்பு, பின்னல் ஊசி, ஸ்கேல், எதைவிட்டுச் சொறிந்தும் அடங்கவில்லை. ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் கடையில் இருந்தபோது வெந்நீர் வாளியில் கையை முக்கி ஊறவைத்து, மீன் வெட்டுகிற கத்திரிக்கோலால் கட்டை நானே வெட்டி எடுத்துவிட்டேன். துண்டுகளைப் பையில் போட்டுக் குப்பையோடு குப்பையாக வைத்தேன். சாயங்காலம் வந்தவரிடம், “ஆஸ்பத்திரிக்குப் போனேன், போதும்னு எடுத்துட்டாங்க” என்றேன். “ஓ, சாரமில்லை” என்றார்.

மறு வாரம் குக்கரைத் தூக்கினேன். உள்ளே ஏதோ நகர்ந்தது. அப்புறம் எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டது. மணிக்கட்டின் ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம், கை கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பினாற்போல நிற்கும். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நேராக்க வேண்டுமானால் மறுபடி உடைக்கவேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் தெரியுமா? கட்டை நனைத்தவர்களை, மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களை, தையல் பிரிக்கும் முன் ஸ்கூட்டர் ஓட்டியவர்களை. “உங்களுக்கெல்லாம் எதுக்கு ஆஸ்பத்திரி?” என்று வார்டே அதிரக் கத்தியவள் நான். இப்போதும் எங்கள் தெருவில் யாருக்கு என்ன என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அவர்களிடம் போய், என் கட்டை நானே வெட்டிக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? டாக்டர் தலையில் போட்டேன். யார் கேட்டாலும் அவரைத் திட்டினேன். திட்டத் திட்ட எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. கை மட்டும் முந்தானைக்குள்ளேயே இருந்தது.

வாட்ச் அந்தக் கையில் நிற்கவில்லை. ஸ்டீல் செயின் மேட்டில் உரசித் தோல் சிவந்தது. பிராட்வேயில் ரெடிமேடாக மூன்று தோல் வார்கள் வாங்கி, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப் பார்த்தேன். மூன்றும் பக்கவாட்டில் சரிந்து, பக்கிள் நேராக எலும்பில் குத்தியது. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், மட்டாஞ்சேரியிலேயே ஒரு பெண் கைக்கு அளவெடுத்து வாட்ச் வார் செய்கிறாள், எங்கெங்கிருந்தோ அவளுக்கு ஆர்டர் வருகிறது என்று.

கத்திரியைக் காணோம்

பர்வீனுக்கு நாற்பது வயதிருக்கும். பழைய மிளகுக் கிட்டங்கி ஒன்றின் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் தையல் மிஷின்கள், இன்னொன்றில் அவளும் அவள் மேஜையும். படியேறும்போதே தோல் வாசனை அடித்தது. தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் தோல் ஷாப் என்போம். சின்ன வயதில் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் நான். இங்கே என்னவோ மூச்சை நன்றாக இழுத்து விட்டேன்.

“வாட்ச் கொள்ளாம் சேச்சி. இது இப்போ கிட்டில்லல்லோ” என்றாள், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. நல்ல வாட்ச், இப்போதெல்லாம் கிடைக்காதே என்கிறாள்.

“பழைய சாதனமாணு மோளே” என்றேன், எனக்குத் தெரிந்த நல்ல மலையாளத்தில்.

இப்படியே பத்து நிமிஷம் போனது. நிறம் பேசினோம், நூல் பேசினோம், மழைக்காலத்தில் கொச்சியில் தோல் பூஞ்சை பிடிப்பதைப் பற்றிப் பேசினோம். அளவும் எடுத்து முடித்தாள், அந்தத் தப்பான கையில். பிறகு மேஜைமேல் எதையோ தேட ஆரம்பித்தாள். தோல் துண்டுகளைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள்.

“இந்தக் கத்திரிய எங்க வெச்சித் தொலைச்சேன்?”

நான் நிமிர்ந்தேன். “ஏம்மா, நீ தமிழா?”

“அய்யோ, நீங்களுமாக்கா?”

வாணியம்பாடிக்காரி. மட்டாஞ்சேரிக்குக் கட்டிக்கொடுத்தார்களாம். இரண்டு தமிழச்சிகள் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு தட்டுத்தடுமாறி மலையாளம் பேசியிருக்கிறோம்! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவள் சாயா வரவழைத்தாள். அந்தச் சிரிப்பில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.

“அக்கா, நான் நேரா நல்ல தோல்ல கை வைக்கமாட்டேன்” என்றாள். “வேஸ்ட் தோல்ல டம்மி ஒண்ணு செஞ்சித் தரேன். நாலு நாள் கட்டிக்கினே இருங்க. சமையல் பண்ணுங்க, துணி துவைங்க, தூங்குங்க. எங்க உறுத்துது, எங்க தொளதொளன்னு இருக்குதுன்னு வந்து சொல்லுங்க. நல்ல தோல்ல ஒரு தடவ குத்திட்டா அந்த ஓட்டைய அடைக்க முடியாது.”

எவ்வளவு நல்ல முறை! இடது கையில் கட்டியிருந்தால் முதல் மணி நேரத்திலேயே எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். நானோ நாலு நாளும் டம்மியை வலது கையில் கட்டிக்கொண்டு திரிந்தேன். அளவு கொடுத்த கையில்தானே கட்டவேண்டும் என்று ஒரு நியாயம். இரண்டு கையும் ஒரே ஆளுடையதுதானே, ஓர் ஓட்டை முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதானே என்று இன்னொரு நியாயம். வீட்டுக்காரர் என் வலது கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பேப்பரைப் படிக்கப் போய்விட்டார்.

நாலாம் நாள் போய், “அம்சமா இருக்கும்மா, ஒரு குறை இல்ல” என்று பர்வீனிடம் சொன்னேன்.

சண்டைக்குக் கிளம்பினேன்

வார் வந்தது. கருப்பட்டி நிறம், ஓரத்தில் வெண்ணெய் நிறத் தையல், விரல் வைத்தால் வழுக்குகிறது. என் வாட்ச் அதில் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையில் கட்டினேன்.

சரிந்தது. மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்து, பள்ளத்தின் பக்கம் வாய் பிளந்துகொண்டு நின்றது. இறுக்கினால் பக்கிள் எலும்பில் குத்துகிறது, தளர்த்தினால் வாட்ச் முகம் கீழே தொங்குகிறது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அழுகை வந்தால் பின்னாலேயே கோபம் வரும். இந்த முறையும் வந்தது.

“அளவே தப்பு! காசு வாங்குற ஆளு ஒழுங்கா அளவு எடுக்க வேணாம்? இப்பவே போறேன்.”

“என்னத்துக்கு இப்படி தேஷ்யப்படறே?” என்றார் வீட்டுக்காரர். தேஷ்யம் என்றால் கோபம். “அந்தப் பொண்ணும் பாவமல்லே? நானும் வரேன் இரு.” என்னைத் தனியாக அனுப்பினால் மிளகுக் கிட்டங்கியே இடிந்துவிடும் என்று பயம் அவருக்கு.

போனேன், கத்தினேன். பர்வீன் பதறிப்போனாள். என் வலது கையை வாங்கி வாரைக் கட்டிப் பார்த்தாள். தைத்து ஒட்டியதுபோல் கச்சிதமாகப் பொருந்தியது. அவிழ்த்து, நாடா வைத்து அளந்தாள். அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடி அளந்தாள்.

“எனக்குச் சரியா இருக்கிற மாதிரிதான்க்கா தெரியுது” என்றாள். எதிர்த்துப் பேசவில்லை, குழம்பிப்போய்ச் சொன்னாள். “ஆனா கட்டுறவங்க நீங்க. உங்களுக்கு உறுத்துதுன்னா என் தப்புதான். விடுங்க, புதுசா வேற ஒண்ணு போட்டுத் தரேன். துட்டெல்லாம் வேணாம்.”

சொல்லிவிட்டு, அத்தனை அழகாகத் தைத்த தையலைப் பிரிக்கக் குத்தூசியை எடுத்தாள்.

என் கண் அந்த ஊசி முனையிலேயே நின்றது. ஒரு டாக்டர் ஒன்றரை வருஷமாக என் வாயில் அரைபட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது இவள். ஒரு மாவுக்கட்டை வெட்டிப்போட்ட பாவத்துக்கு இன்னும் எத்தனை பேரைப் பிடித்துத் தருவேன்? எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

“நிறுத்து பர்வீன்” என்றேன். முந்தானையை விலக்கி இடது கையை மேஜைமேல் வைத்தேன். “கட்டறது இந்தக் கைலதான். அன்னைக்கு நான் வேற கையக் காட்டிட்டேன். தப்பு உன்னுது இல்ல.”

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் எடுத்து, கட்டைவிரலால் மேட்டைத் தடவி, பள்ளத்தை அழுத்தி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தவர்களுக்குப் பிறகு, என்னைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை.

“இதுக்கா இவ்ளோ நாள் மறைச்சீங்க?” என்றாள். “நேரா இருக்கிற கைக்கு எவன் வேணா வார் போடுவான்க்கா. இதுக்குப் போடணும், அதுதான் வேலை.” அவள் கண்ணில் நிஜமாகவே ஓர் ஆசை தெரிந்தது. “ஆனா யாருக்கா இப்படிக் கட்டுப் போட்டது? எந்த ஆஸ்பத்திரி?”

வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, பழக்கதோஷம்.

“ஆஸ்பத்திரிமேல தப்பில்ல” என்றேன். “மூணு வாரத்துலயே நானே வெட்டி எடுத்துட்டேன். வீட்ல, கத்திரியால. அரிப்புத் தாங்கல.”

பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தபோது, அவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு கைப்பையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் ஒரு கைப்பையை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

எட்டு நாள் மௌனம்

புது டம்மியை இடது கையில் கட்டிக்கொண்டு வீடு வந்தேன். இந்த முறை பர்வீன் சொன்னபடி எல்லாம் செய்தேன். தோசை மாவு கரைத்தேன், துணி பிழிந்தேன், கட்டிக்கொண்டே தூங்கினேன். எங்கே உறுத்தியதோ அங்கே பேனாவால் புள்ளி வைத்தேன். நாலாம் நாள் அந்த டம்மியில் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். பர்வீன் பார்த்துவிட்டு, “இது, இதுதான்க்கா எனக்கு வேணும்” என்றாள்.

வீட்டில் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டார், கடைக்குப் போனார், வந்தார், பேப்பர் படித்தார். கோபமாக இருந்தால் முகத்தில் தெரியும், அதுவும் இல்லை. சண்டை போடாத மனுஷனோடு வாழ்வது சாதாரண விஷயமில்லை. நானாகவே வாயைத் திறப்பேன், அவர் “மீன் நல்லா இருக்கு” என்பார். எட்டு நாளில் எனக்குப் பைத்தியம் பிடிக்காதது ஆச்சரியம்.

எட்டாம் நாள் பர்வீன் கூப்பிட்டாள். இருவரும் போனோம். பழைய வாரைப் பிரிக்காமல் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, வேறு தோலில் புதிதாகச் செய்திருந்தாள். மேஜையில் கிடந்தபோது பார்க்க அவ்வளவு லட்சணமாக இல்லை. ஒரு பக்கம் லேசாக வளைந்திருந்தது, உள்பக்கம் பள்ளத்துக்கு நேராக மெத்தென்று ஒரு திண்டு, பக்கிள் எலும்பைவிட்டு நன்றாகத் தள்ளிப்போயிருந்தது. ஏதோ தப்பாக வெட்டிய வார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவளே கட்டிவிட்டாள். வாட்ச் முகம் நேராக, என்னைப் பார்த்து நின்றது. கையை உதறினேன், ஆட்டினேன், குலுக்கினேன். அசையவில்லை. சிவப்பு முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பர்வீனை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். “அக்கா, அக்கா, சாயா கொட்டப்போவுது” என்று அவள் கத்தினாள்.

பஜார் ரோட்டில்

வெளியே வந்து பஜார் ரோட்டில் நடந்தோம். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இனிமேலும் அடக்க முடியவில்லை.

“அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டுட்டு ஒரு வார்த்தை பேசலியே நீங்க? திட்டவாவது செய்யலாம்ல?”

“எதுக்குத் திட்டணும்? எனக்கு அப்போவே தெரியுமே.”

நான் நின்றுவிட்டேன். “எப்போவே?”

“நீ அதை வெட்டி எடுத்த மறுநாளே. குப்பை எடுக்க வர்ற சேச்சிமார் அந்தப் பையைத் திருப்பிக் கொண்டுவந்தா. ‘சேட்டா, இது பிளாஸ்டிக்கும் இல்லை, ஃபுட் வேஸ்ட்டும் இல்லை, இது எந்தா சாதனம்?’னு கேட்டா. பிரிச்சு நோக்கினா, உன் கை அப்படியே அச்சு மாதிரி உள்ளே இருக்கு.”

கொச்சியில் குப்பையைத் தரம் பிரிக்காமல் போட்டால் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? அத்தனை அவசரத்தில் அது மறந்துபோயிருக்கிறது.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என் கைக்கட்டுன்னு சொன்னேன்.”

“ரெண்டு கையும் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டா?”

“அதைத்தான் அவங்களும் நோக்கினா. நல்லா சிரிச்சா.” அவரும் சிரித்தார். “நீ நர்ஸல்லே? தெருவுல எல்லாரையும் திட்டி, சீத்தை பறையற ஆளு. நாலு பேருக்குத் தெரிஞ்சா உனக்கல்லே குறைச்சல்? நான் சுக்குக் கச்சவடக்காரன். என்னை யாரு என்ன சொல்லப்போறா?”

ஒன்றரை வருஷம். நான் டாக்டரைத் திட்டும்போதெல்லாம் இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார். எந்தச் சண்டையிலும் இதை எடுத்து என்மேல் வீசியதில்லை. நானாக இருந்தால் அன்று சாயங்காலமே வீசியிருப்பேன்.

“அப்போ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ சொல்லட்டும்னு இருந்தேன்.”

பழக்கத்தில் மறுபடி முந்தானைக்குள் போயிருந்த கையை வெளியே எடுத்து, மூட்டை இறக்குகிறவர்கள் எல்லோரும் பார்க்க, அவர் முதுகில் பலமாக ஒன்று வைத்தேன். இடது கையால். எனக்குத் துளி வலிக்கவில்லை.